கரட்டுப் பங்கு

மல்லப்பன் தன் மனைவி கெம்பம்மாளைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் அவனைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தாள். எவ்வளவு பக்கத்தில் என்றால், அவன் ஒரு கையைத் தாழ்த்தியிருந்தால் அவளுடைய முந்தானை விரலில் சிக்கியிருக்கும். ஆனால் மிரண்டு வரும் மந்தையைத் திருப்ப நிற்கிறவன் கையைத் தாழ்த்தக்கூடாது, தாழ்த்தின பக்கம் வழி திறந்துவிடும் என்று நடக்கத் தெரிந்த வயதிலேயே பழகியவன் அவன், ஆகவே இரண்டு கைகளையும் அகல விரித்தபடி, தொண்டையிலிருந்து ஆடு மடக்கும் சத்தத்தை எழுப்பியபடி அசையாமல் நின்றான், ஊர் அவனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிரிந்து, பாறையைச் சுற்றிப் போகிற வெள்ளம்போல் அவனைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அவள் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தாள். கோபமில்லை அந்தப் பார்வையில், உதவி கேட்பதும் இல்லை. தன்னைத் துரத்துவது இவன்தானா என்று சரிபார்த்துக்கொள்கிற பார்வை அது. பிறகு அவளை மேலே தூக்கி வந்தார்கள், அவனும் பார்த்தான். ஆனால் அதை அவன் அவளைப் பார்த்ததாக எப்போதும் சேர்த்துக்கொண்டதில்லை.

இது நடந்தது மாசி மாதத்தில். தொடங்கியது அதற்கு முந்தின ஆனியில்.

பெத்தான்கொட்டாயில் அப்போது பதினோரு வீடுகள் இருந்தன, பதினொன்றும் செம்மறி வளர்க்கிற வீடுகள். ஊருக்கு மேற்கே பாறையும் முள்ளுமாக ஒரு கரடு, அதற்கும் மேற்கே காட்டு மலைகள். ஊருக்குக் கிழக்கே கல் வெட்டி எடுத்து முடித்துவிட்டு விட்டுப்போன குவாரி, பனைமரத்தை நட்டு வைத்தாலும் தலை தெரியாத ஆழம், அடியில் பச்சைத் தண்ணீர். கரட்டில் ஓநாய்கள் இருந்தன. ஓநாய் என்ற பெயரை ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், கரட்டுக்காரன் என்பார்கள், கரட்டுக்காரன் நேற்று வந்தான், கரட்டுக்காரன் வீட்டில் குட்டி போட்டிருக்கிறது என்று பக்கத்து வீட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரியே பேசுவார்கள். வருஷத்தின் முதல் மழை இறங்கியதும் ஊர்ப் பொதுவில் ஓர் ஆட்டுக்குட்டியைத் தேர்ந்தெடுத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஊரில் மூச்சு விடுகிற அத்தனை பேரும் அதன் முதுகில் ஆளுக்கொரு கை வைப்பார்கள், கைக்குழந்தையின் கையைத் தாய் பிடித்து வைப்பாள், படுத்த படுக்கையாகக் கிடக்கிறவரைக் கட்டிலோடு தூக்கி வந்து வைக்கச் சொல்வார்கள். பிறகு அதைக் கரட்டடியில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். கட்டிப் போடுவதில்லை. அது கரட்டுப் பங்கு. மற்ற நாட்களில் ஒன்றிரண்டு குட்டி காணாமல் போனாலும் திருட்டு என்று யாரும் சொன்னதில்லை, பங்கு பற்றவில்லை என்றுதான் சொன்னார்கள்.

குவாரிக்காரர்கள் வெடி வைத்த நான்கு வருஷத்தில் கரட்டிலிருந்த முயல்கள் போயின, கரட்டைச் சுற்றித் திரிந்த மான்கள் போயின. அந்த வருஷம் பங்கு சுத்தமாகப் பற்றவில்லை. சித்திரையில் மட்டும் ஒன்பது குட்டிகள் போயின, ஒரு சினையாடும் போயிற்று. நாய்களைக் கட்டினார்கள், தகரம் தட்டினார்கள், பட்டியின் முள்வேலியை இரண்டு சுற்று ஏற்றினார்கள். அதே சித்திரையில்தான் வனத்துறை ஜீப் வந்து, இந்த மாவட்டத்தில் ஓநாய் கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் மிச்சம், ஒன்றைக் கொன்றாலும் ஜெயில் என்று சொல்லி, கரட்டின் இண்டு இடுக்கெல்லாம் தெரிந்தவன் யார் என்று விசாரித்து மல்லப்பனுக்கு ஒரு காக்கிச் சட்டையைக் கொடுத்துக் காவலராக வைத்துவிட்டுப் போயிற்று. சட்டை இரண்டு ஆள் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

"இன்னா மாப்ள," என்றான் சென்னப்பன். கெம்பம்மாளின் அண்ணன், ஊருக்குத் தலைமை பார்க்கிற கவுண்டனும் அவன்தான். "நாங்க ஆட்டுக்குக் காவல், நீ கரட்டுக்காரனுக்குக் காவலா? சம்பளம் அவன் தர்றானா, சர்க்கார் தருதா?"

"உன் தங்கச்சி கேட்டா சொல்றேன், நீ கேட்டா சொல்லமாட்டேன்," என்றான் மல்லப்பன்.

சிரித்தார்கள். ஆனால் அடுத்த வாரம் சென்னப்பனின் பட்டியில் ஒரே ராத்திரியில் நான்கு போனபோது யாரும் சிரிக்கவில்லை. செத்த ஆட்டில் சென்னப்பன் விஷ மருந்து தடவி வைத்துப் பார்த்தான். ஓநாய்கள் அதைச் சுற்றி வந்து, மோந்து, காலைத் தூக்கி மூத்திரம் பெய்துவிட்டுப் போயிருந்தன. அப்போதுதான் சென்னப்பனுக்கு அந்த யோசனை வந்தது. அப்படியொரு யோசனை வேறு எந்த ஊர்க்காரனுக்கும் வந்திருக்க முடியாது, ஏனென்றால் வேறு எந்த ஊருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது.

"எதைக் கொடுத்தாலும் மோந்து பாக்குது," என்றான் அவன் ஊர்க்கூட்டத்தில். "மோந்து பாக்காம திங்கிறது ஒண்ணே ஒண்ணுதான். நாம கை வெச்சுக் கொடுக்கிறது."

யாரோ ஒரு பெண் மட்டும், "பங்குலயா?" என்றாள். யாரும் பதில் சொல்லாததால் அதுவே முடிவாயிற்று.

மல்லப்பன் கூட்டத்துக்குப் போகவில்லை. போகாமலேயே அவனுக்குத் தெரிந்தது. கெம்பம்மாள் ராகி மாவைச் சலித்துக்கொண்டே, அவனைப் பார்க்காமல், "நாளைக்குக் கை வெக்கணும். நீ வர்றியா மாமா?" என்று கேட்டாள்.

அவன் காக்கிச் சட்டையைப் பார்த்தான். அவனுக்கு ஓநாய்களும் வேண்டும், மச்சானும் வேண்டும், சட்டையும் வேண்டும். "நாளைக்கு எனக்கு வடக்குத் தோட்டத்துல மரக்கன்னுக்குத் தண்ணி ஊத்துற வேலை கீது," என்றான். "நான் பார்த்ததா இருக்கக்கூடாது. என் கையையும் சேர்த்து நீயே வெச்சிட்டு வந்துடு."

"உன் கையை நான் எப்பிடி வெக்கிறது?"

"உனக்கு ரெண்டு கை இல்லியா?"

மறுநாள் மழை நின்று வெயில் வந்த நேரத்தில் ஊர் கூடியது. மருந்தைக் குட்டியின் கழுத்து மயிரில் தடவியிருந்தார்கள், அதனால் அந்த வருஷம் மட்டும் சென்னப்பன், "கழுத்துப் பக்கம் யாரும் கை வெக்காதீங்க, முதுகுல வெய்ங்க, முதுகுல," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். எல்லாரும் ஒரு கை வைத்தார்கள். கெம்பம்மாள் இரண்டு கை வைத்தாள்.

மூன்றாம் நாள் கரட்டின் சுனைப் பக்கம் ஓநாய்கள் செத்துக் கிடந்ததை மல்லப்பன் பார்த்தான். ஐந்து. இரண்டு பெரியவை, மூன்று போன வருஷத்துக் குட்டிகள். தண்ணீருக்கு ஓடி வந்து, ஒன்றுமட்டும் மூக்கு நனைகிற தூரம் வரை வந்து சேர்ந்திருந்தது. அவன் கற்களை அடுக்கி மூடிவிட்டு, வனத்துறை கொடுத்த நோட்டில், ஓநாய்த் தடயம் எதுவும் காணவில்லை என்று எழுதினான். பொய்யும் இல்லை, அதற்குப் பிறகு காணவில்லைதான்.

நான்காம் நாள் காலையில் பட்டிகளின் படலைத் திறந்தபோது ஆடுகள் ஒன்றாக வரவில்லை. எப்போதும் வயிறோடு வயிறு இடித்துக்கொண்டு ஒரே பிண்டமாக வெளியே வருகிற ஜீவன்கள், அன்றைக்கு ஒவ்வொன்றாக, நடுவில் தாராளமாக இடம் விட்டு, ஆபீஸ் விட்டுப் போகிற அதிகாரிகளைப் போல் வந்து, ஆளுக்கொரு திசையில் போயின. நாய் குரைத்தது, ஓர் ஆடு நின்று நாயைப் பார்த்தது, நாய் வாலை மடக்கிக்கொண்டது. கூப்பிட்டால் வந்தன, வர விருப்பமிருந்தால். லாரி வருகிற சாலையில் படுத்து அசை போட்டன. இடி இடித்தபோது தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. ஆடு முழுக்க இருந்தது, பயம் மட்டும் அதற்குள் இல்லை.

பயம் எங்கே போயிற்று என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை, அன்று சாயங்காலமே அது வந்துவிட்டது. கெம்பம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனவள் பாதி வழியில் நின்றுவிட்டாள். முன்னால் யாராவது நடந்தால்தான் கால் எடுத்து வைக்க முடியும் போலிருந்தது அவளுக்கு. சிறிது நேரத்தில் இன்னொரு பெண் குடத்தோடு வந்து அவள் பின்னால் நின்றாள், அதற்குப் பின்னால் இன்னொருத்தி, பொழுது சாய்வதற்குள் ஊர்ப் பெண்கள் முழுவதும் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வழியில் நின்றார்கள், கடைசியில் சென்னப்பனின் கிழட்டுக் கிடா ஒன்று அலட்சியமாக அவர்களைத் தாண்டிக் குழாயடிக்குப் போக, எல்லாரும் அதன் பின்னால் போய்த் தண்ணீர் பிடித்தார்கள்.

ஒரு வாரத்தில் ஊரில் கை வைத்த அத்தனை பேருக்கும் அப்படியாயிற்று. ஒருவர் எழுந்தால் எல்லாரும் எழுந்தார்கள். ஒருவர் உட்கார்ந்தால் எல்லாரும். ராகிக் களியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவர் தலையைத் தூக்கினால் ஊரே மெல்லுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கும், காது கொடுத்துக் கேட்கும், ஒன்றுமில்லை என்று தெரிந்து மறுபடி மெல்லும். வீடுகளில் படுக்க முடியவில்லை, ஊர் நடுவில் வட்டமாகப் படுத்தார்கள், குழந்தைகளை உள்ளே போட்டு, பெண்களை அடுத்து, ஆண்களை வெளி ஓரமாக. ஆடுகள் காலியான வீடுகளுக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. சென்னப்பனின் கட்டிலில் இரண்டு ஆடு படுத்திருந்ததை எல்லாரும் பார்த்தார்கள், எழுப்ப யாருக்கும் தைரியமில்லை.

மனிதர்களுக்கு எதுவும் பழகிவிடும், அக்கம்பக்கத்து மனிதர்களுக்கு இன்னும் சீக்கிரம் பழகிவிடும். ரேஷன் கடைக்காரர் முதல் மாதம் பயந்து கதவைச் சாத்தினார், இரண்டாம் மாதம், "கொட்டாய்க்காரங்க வர்றாங்க, மத்தவங்க கொஞ்சம் ஒதுங்குங்கப்பா," என்று வழி விட்டார், மூன்றாம் மாதம் அவர்களுக்கென்று ஒரு நாளையே ஒதுக்கிக் கொடுத்தார். பஸ் கண்டக்டர் முன்னால் ஏறுகிறவனிடமே ஊர்க்காரர்கள் ஐம்பத்தெட்டுப் பேருக்கும் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார், ஒருவன் இறங்கினால் ஐம்பத்தெட்டும் இறங்கிவிடும் என்பதால் முன்னால் ஏறுகிறவன் எங்கே இறங்க வேண்டும் என்பதை மட்டும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். ஊசி போட வந்த நர்சம்மா, "இந்த மாதிரி ஒரு ஊரை என் சர்வீஸ்ல பார்த்ததில்ல, முதல் ஆள் கையை நீட்டினா ஊரே கையை நீட்டுது," என்று மெச்சிக்கொண்டு போனார். நிலம் வைத்திருந்தவர்களுக்குத்தான் மிகவும் பிடித்துப் போயிற்று. முன்பெல்லாம் எருவுக்காக ஆட்டு மந்தையைத் தங்கள் வயலில் கிடை போடச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இப்போது களை எடுக்க மனிதர்களைக் கூப்பிட்டார்கள், ஒருவரை வரப்பில் இறக்கிவிட்டால் போதும், ஊர் முழுவதும் ஒரே வரிசையில் இறங்கி, நிமிராமல், பேசாமல், பொழுதுக்குள் ஐந்து ஏக்கரை முடித்துவிட்டு ஏறியது. தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்த ஒருவர் சென்னப்பனின் தோளில் மட்டும் ஒரு துண்டைப் போட்டுவிட்டு, மற்றவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஜீப்பில் ஏறிப் போனார். அவருக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள்.

அவர்களை அங்கங்கே கொண்டு போய் விடுவதற்கும் கூட்டி வருவதற்கும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. கை வைக்காதவன் மல்லப்பன் ஒருவன்தான்.

"நீதான் இப்ப எங்களுக்கு மேய்ப்பன் மாப்ள," என்றான் சென்னப்பன், பயத்துக்கு நடுவிலும் அவனுக்கு நாக்கு மட்டும் அப்படியே இருந்தது. "பார்த்து ஓட்டு. பெரிய மனுசன் நான், ரெண்டு தட்டு மெதுவாத் தட்டு."

மல்லப்பன் கோலை வைத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தான். அவர்கள் அவன் நடக்கிற சத்தத்துக்கு முன்னால் நடந்தார்கள். நாட்கள் போகப் போக அவனுக்கு ஒன்று தெரிய வந்தது. மற்றவர்கள் அவனைக் கண்டு ஒரு எட்டு விலகினார்கள், கெம்பம்மாள் இரண்டு எட்டு விலகினாள். மற்றவர்கள் இலை விழுந்தால் திரும்பினார்கள், அவள் இலை விழுவதற்கு முன்னாலேயே திரும்பினாள். கன்னம் ஒட்டிப் போயிற்று, களி இறங்கவில்லை. அவளிடம் பின்பக்கமாகப் போகக்கூடாது என்று பழகிக்கொண்டான், பிறகு பக்கவாட்டில் போகக்கூடாது என்று பழகிக்கொண்டான், கடைசியில் தூரத்திலேயே உட்கார்ந்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, அவளாக வருகிறவரை காத்திருக்கப் பழகிக்கொண்டான். இருபத்திரண்டு வருஷம் ஒரே பாயில் படுத்தவள் அவள்.

ஒரு நாள் மத்தியானம் அப்படி உட்கார்ந்திருந்தபோது அவள் ஒரு கை தூரம் வரை வந்தாள்.

"மாமா, அது பின்னாடியே நிக்குது," என்றாள். "திரும்பினா இல்ல. எல்லாருக்கும் ஒண்ணு நிக்குதாம். எனக்கு ரெண்டு நிக்குது."

அவன் கோலை எட்டத் தள்ளி வைத்தான். பிறகு, "அதுல ஒண்ணு என்னுது. அதை எங்கிட்டக் கொடுத்துடு கெம்பு," என்றான்.

"கொடுக்கிற வழி தெரிஞ்சா கொடுத்திருக்க மாட்டேனா? நான் என்ன உனக்கு இல்லாததையா வெச்சிக்கப் போறேன்?" என்றாள். எங்கோ ஓர் ஆடு தும்மியது. அவள் எழுந்து ஓடிப் போனாள், தூரத்தில் நின்றிருந்த மற்றவர்களும் ஓடினார்கள்.

அன்றிலிருந்து மல்லப்பனுக்கு ஒரே யோசனை. அவளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் வெயில் காலத்தைத் தாண்டமாட்டாள். பயத்தைச் சொந்தக்காரனிடம் சேர்த்துவிட வேண்டும், அதன் சொந்தக்காரன் ஆடு. ஆட்டுக்குள் அது திரும்பிப் போக வேண்டுமானால் கரட்டில் மறுபடி ஓர் ஓநாய் இருக்க வேண்டும். இருந்தவற்றை அவன் கல்லடுக்கி மூடிவிட்டான்.

மாசி மாதம் வனத்துறை அனுப்பி பெனிட்டா என்ற பெண் வந்தாள். குமரிக் கடற்கரைக்காரி, ஓநாய்களைப் பற்றிப் படிக்கிறவள். ஒரு டேப் ரிக்கார்டரும், கோயில் திருவிழாவில் கட்டுகிற மாதிரி ஒரு கூம்பு ஒலிபெருக்கியும் கொண்டு வந்திருந்தாள். ஐம்பத்தெட்டுப் பேர் ஒன்றாகத் தலை தூக்கி அவளைப் பார்த்துவிட்டு ஒன்றாகத் தலை குனிந்ததைச் சற்று நேரம் கவனித்தாள்.

"எங்க ஊர்ல சாளை மீன் இப்படித்தான் போகும்," என்றாள், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த டேப் பெட்டிக்குள் ஓநாயின் ஊளை இருந்தது. அதைப் பொழுது சாய்கிற நேரத்தில் போட்டால், கேட்கிற தூரத்தில் ஓநாய் எதுவும் இருந்தால் பதில் ஊளை விடும், அதை வைத்து எங்கே எத்தனை மிச்சம் என்று எழுதிக்கொள்வாள்.

"பதில் சொன்னது இங்க வருமா அம்மா?" என்றான் மல்லப்பன்.

"கூட்டத்தைத் தொலைச்சிட்டு ஒத்தையாத் திரியறது ஏதாவது இருந்தா வரலாம் அண்ணே. இந்தக் கரடு காலியா இருக்குன்னு தெரிஞ்சா தங்கவும் செய்யலாம். ஆனா நீங்க எழுதினதைப் பார்த்தா எட்டு மாசமா இங்க எதுவுமே இல்லையே?"

"இல்ல," என்றான் அவன். பிறகு, "இருந்தா நல்லது," என்றான். அவன் குரல் எப்படியோ இருந்ததால் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

மந்தை ஓட்டத் தெரிந்தவன் போடுகிற கணக்கையெல்லாம் அவன் போட்டான். சத்தம் வரும் திசைக்கு எதிர்த்திசையில்தான் மந்தை ஓடும். ஆகவே ஒலிபெருக்கியை ஊருக்குக் கிழக்கே, குவாரி விளிம்பில், கழிவுக் கல் குவித்த மேட்டில் கட்டச் சொன்னான். கிழக்கே ஊளை கேட்டால் ஊர் மேற்கே ஓடும், மேற்கே கரட்டடி வரை வெறும் தரிசு நிலம், ஒரு பள்ளம் கிடையாது, ஓடிக் களைத்து நிற்கும். அவர்களைத் தூரத்துச் சந்தை ஊரில் கொண்டு போய் விட்டுவிடலாம் என்று ஒரு தரம் நினைத்தான், ஆனால் ஆடும் ஆளும் ஒரே குரலை ஒரே நேரத்தில் கேட்டால்தான் இங்கிருப்பது அங்கே போகும் என்று அவன் மனதுக்குப் பட்டது. சென்னப்பனிடம் மட்டும் சொன்னான்.

"செய் மாப்ள," என்றான் சென்னப்பன். அன்றைக்கு அவன் வாயில் கேலி இல்லை. "நான் செஞ்சதை நீ சரி பண்ணு. ஆனா ஒண்ணு. பட்டியில அடைச்சிப் பூட்டிடு எங்களை. எங்களை எங்களால நம்ப முடியல."

அடைத்தான். ஊரிலேயே பெரிய பட்டியில், முள்வேலிக்குள் ஐம்பத்தெட்டுப் பேரையும் விட்டு, படலைச் சாத்திக் கயிறு கட்டினான். கெம்பம்மாள் நடுவில் நின்றாள், அவன் எதுவும் சொல்லாமல் தூரத்திலிருந்து பார்த்தான், அவளும் பார்த்தாள். ஆடுகள் கரட்டுச் சரிவில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நின்று மேய்ந்துகொண்டிருந்தன. அவன் பட்டிக்கும் குவாரிக்கும் நடுவில், கோலை ஊன்றிக்கொண்டு போய் நின்றான். அதுவும் கணக்கில் ஒன்றுதான், வேண்டியிருக்காது, இருந்தாலும் ஒரு மேய்ப்பன் பள்ளத்தின் பக்கம்தான் நிற்க வேண்டும்.

சூரியன் மலைக்கு மேலே ஒரு முழம் இருக்கும்போது பெனிட்டா பெட்டியைப் போட்டாள்.

முதல் ஊளைக்குப் பட்டி இறுகியது. அத்தனை பேரும் நடுவை நோக்கி நெருக்கிக்கொண்டார்கள், தூரத்திலிருந்து பார்க்கப் பல தலைகளுள்ள ஒரே உடம்பாக இருந்தது. இரண்டாவது ஊளைக்கு வேலியின் மேற்குப் பக்கம் முறிந்தது. முள் உடம்பைக் கிழிக்க அவர்கள் மேற்கே தரிசில் ஓடினார்கள், அவன் கணக்குப் போட்ட வழியில், கணக்குப் போட்ட மாதிரியே, குழந்தைகள் பின்தங்கி விழுந்து எழுந்து ஓடின. மல்லப்பன் கையைத் தூக்கிக் காட்டினான், பெனிட்டா பெட்டியை நிறுத்தினாள். ஊர் வேகம் குறைந்து, தரிசின் நடுவில் நிற்கப் போயிற்று. சரி, இன்றைக்கு இவ்வளவுதான், நாளைக்கு மறுபடி போட்டுப் பார்க்கலாம் என்று அவன் நினைத்தான், மூச்சுகூட விட்டுவிட்டான்.

அப்போது கரட்டுக்கு அப்பாலிருந்து அது பதில் சொன்னது.

பெட்டியில் இருந்தது வெறும் சத்தம். இது குரல். நீளமாக, மெலிந்து, நடுவில் ஒரு தரம் உடைந்து, மறுபடி ஏறிய குரல். அவன் இத்தனை நாளாக வேண்டிக்கொண்ட குரல்தான், அவன் வேண்டிக்கொண்ட திசையிலிருந்தே வந்தது. தரிசில் நின்ற ஊர் முழுவதும், தட்டில் தண்ணீர் திரும்புகிற மாதிரி, ஒரே வளைவாகக் கிழக்கே திரும்பியது.

ஒரு பர்லாங் தூரம். அவர்கள் அவனை நோக்கி ஓடிவந்ததை அவன் முழுவதும் பார்த்தான். கோலைப் போட்டுவிட்டுக் கைகளை விரித்தான். ஆடு மடக்கும் சத்தத்தைப் போட்டான், பிறகு பெயர்களைச் சொல்லிக் கத்தினான், மச்சானின் பெயரை, அண்டை வீட்டுக்காரர்களின் பெயர்களை, கடைசியாக அவள் பெயரை. ஆடு மடக்கும் சத்தத்துக்காவது இரண்டொருவர் காதைத் திருப்பினார்கள். பெயருக்கு யாரும் திருப்பவில்லை. எல்லாருக்கும் முன்னால் அவள் வந்தாள், இரண்டு பங்கு வேகத்தில், செருப்பில்லாமல், முடி அவிழ்ந்து. அவளைப் பிடித்தால் இந்தப் பக்கம் திறந்துவிடும். பிடிக்காவிட்டால் அவள் போய்விடுவாள். அவன் மேய்ப்பனாக நின்றான்.

குவாரி விளிம்பில் கல் மேட்டின் மேல் நின்ற பெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டு, அவர்கள் ஒருவர் பின்னால் ஒருவராக, நிற்காமல், கத்தாமல் போனதைப் பார்த்தாள். பத்தொன்பதாவது ஆள் போனபோது கரட்டுச் சரிவில் தனித்தனியாக மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் ஒரே நேரத்தில் தலை தூக்கின. தலை தூக்கி, நடுங்கி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடி, வயிறோடு வயிறு ஒட்டி ஒரே பிண்டமாயின. அதே கணத்தில் விளிம்பில் இருபதாவதாக வந்த சென்னப்பன் நின்றான். அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் அவன் முதுகில் மோதி நின்றார்கள். அவன் கீழே பார்த்தான், திரும்பிப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தான், தூக்கத்திலிருந்து எழுந்தவன் போல, "இங்க எதுக்கு வந்தோம்?" என்று கேட்டான்.

தங்களுக்குப் பின்னால் எதுவும் நிற்கவில்லை என்பது அப்போதுதான் ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. ஒரு குழந்தை தாயைக் கேட்டு அழுதது, மற்ற குழந்தைகள் அதனோடு சேர்ந்து அழவில்லை.

தண்ணீரிலிருந்து எடுக்க இரண்டு நாளாயிற்று. அதிகாரிகள் வந்து ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்தார்கள், ஒவ்வொருவரும் தனித்தனியாக, வேறு வேறு மாதிரி சொன்னார்கள். கூட்ட நெரிசல் என்று எழுதிக்கொண்டு போனார்கள். பெனிட்டா போவதற்கு முன்னால் மல்லப்பனிடம் தன் நோட்டைக் காட்டினாள். அதில் தேதி போட்டு, மாலை ஆறு பத்து, பதில் கிடைத்தது, திசை மேற்கு, ஒன்று, அநேகமாக ஆண் என்று எழுதியிருந்தது. அவளுக்கு எழுதத் தெரிந்தது அதுதான்.

"நீங்க சொன்ன இடத்துலதான் நான் கட்டினேன் அண்ணே," என்றாள்.

"ஆமாம்மா," என்றான் மல்லப்பன். "சரியான இடம்தான்."

கற்களுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை அப்போதும் அவன் அவளிடம் சொல்லவில்லை.

சென்னப்பன் வைகாசியில் ஆடுகளை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனான். போகும்போது மல்லப்பனிடம் சொல்லிக்கொள்ள வந்தவன் வாசலில் நின்று, "வர்றேன் மாப்ள," என்று மட்டும் சொன்னான். வரவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக, ஒருவர் போனதை ஒருவர் பார்க்காமல், தங்கள் தங்களுக்குத் தோன்றிய நாளில், தங்கள் தங்களுக்குத் தோன்றிய ஊருக்குப் போனார்கள். மல்லப்பன் அந்தக் காக்கிச் சட்டை நிறம் போய், வேறு சட்டை வந்து, அதுவும் நிறம் போகிறவரை காவலராக இருந்தான். கரட்டுக்குக் காலையில் ஒரு தரமும் மாலையில் ஒரு தரமும் போய், கண்டதை நோட்டில் எழுதினான், எதையும் விடாமல் எழுதினான். அவனுக்குப் பயம் வருவதேயில்லை. அவனுடையது கெம்பம்மாளோடு போய்விட்டது, ஆட்டுக்குத் திரும்பியதில் அது சேர்ந்திருக்கவில்லை. பாம்பு காலில் ஏறினாலும் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

கரட்டில் இப்போது நான்கு ஓநாய்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு வலது காது பாதிதான் இருக்கிறது, ஒரு கை தூரத்தில் நின்று பார்த்து அவன் எழுதி வைத்தது அது.